650 கோடி சூரியனும் ஒரு பொய் ரீடிங்கும்

ஃபர்ஸ்ட் இயர் ஃபிஸிக்ஸ் லேபில் ஒரு ரீடிங்கைக்கூட ‘சமைக்காத’ உத்தமர்கள் யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ஒரு கையும் தெரியலையே! நல்லது. நானும் உங்க கட்சிதான். அந்தத் தைரியத்துலதான் இதை எழுதறேன்.

எனக்கு வாய்த்தது ஸ்பெக்ட்ரோமீட்டர் கிரேட்டிங். இருட்டு ரூம், மினுக் மினுக்குன்னு எரியும் பாதரச விளக்கு, சின்னதா ஒரு டெலஸ்கோப், வெர்னியரைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப் போகிற வேலை. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நேராகத் தெரியும் வெள்ளைக் கோட்டுக்கு இடது பக்கம் ஒரு பச்சைக் கோடு, வலது பக்கம் ஒரு பச்சைக் கோடு. ரெண்டும் எத்தனை டிகிரி தள்ளி இருக்குன்னு பார்த்து, சராசரி எடுத்து, ஃபார்முலாவில் போட்டால் பச்சை ஒளியின் அலைநீளம் வரணும். வர வேண்டியது 5461 ஆங்ஸ்ட்ராம். அது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். சீனியரோட ரெக்கார்டு எதுக்கு இருக்கு?

எங்களுக்கு வந்தது... இடது பக்கம் 18 டிகிரி 52 நிமிடம். வலது பக்கம் 20 டிகிரி 5 நிமிடம்.

ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும் பாஸ். எங்களுக்கு ஒரு டிகிரிக்கு மேல இடிக்குது!

என் லேப் பார்ட்னர், அட்டென்டன்ஸில் எனக்கு அடுத்த பேர். அதனால நான் வெச்ச பட்டப்பேர் ‘அடுத்த நம்பர்’. “திரும்பப் பார்க்கலாம்டா”ன்னா. பார்த்தோம். அதே ரீடிங். மூணாவது தடவையும் அதேதான். பெல் அடிக்க இருபது நிமிஷம். நான் கால்குலேட்டரை எடுத்தேன். விடை 5461. கிரேட்டிங்கில் மீட்டருக்கு 6 லட்சம் கோடு. பின்னாடியிருந்து கணக்குப் போட்டா 19 டிகிரி 8 நிமிடம். இடது பக்கத்துக்கு 19 டிகிரி 8 நிமிடம்னும், வலது பக்கத்துக்கு 19 டிகிரி 7 நிமிடம்னும் எழுதினேன். அதென்ன ஒரு நிமிட வித்தியாசம்னு கேக்கறீங்களா? ரொம்ப கரெக்டா இருந்தா சந்தேகம் வந்துடும்ல!

அவ அசையலை. வந்ததை அப்படியே எழுதினா. விடை 5557. நோட்டில் சிவப்பு மையில் ‘ரிப்பீட்’. என் நோட்டில் டிக். சனிக்கிழமை தனியா வந்து, வேற டேபிளில் திரும்பச் செஞ்சு சரி பண்ணிட்டுப் போனா. ஆனா இன்டர்னலில் அஞ்சு மார்க் போனது போனதுதான். என்னைக் காட்டிக் குடுக்கலை. ஒரு வாரம் பேசவும் இல்லை.

‘தலைப்புல சூரியனைக் காட்டிட்டு லேப் புராணம் பாடறியே’ன்னு முறைக்காதீங்க. கருந்துளை வருது... வந்துட்டே இருக்கு.

இந்தப் பக்கத்துக்கு இன்டர்னா சேர்ந்ததும் எனக்குக் கிடைச்ச வேலை, ‘கேலக்ஸி நடுவுல இருக்கற கருந்துளையை எப்படி எடை போடறாங்கன்னு பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதிட்டு வா.’ சாதாரணமாத்தான் தலையாட்டிட்டு வந்தேன். உட்கார்ந்து யோசிச்சப்புறம்தான் உறைச்சது. ஒளிகூட வெளியே வர முடியாத பொருள். கண்ணுக்கே தெரியாது. அதுக்கு எடை எப்படி? தராசு எங்கே?

தராசே வேண்டாம் என்பதுதான் விஷயம். ராத்திரி கிராமத்துப் பக்கம் போறீங்க. தூரத்தில் ஒரு மாடு வட்டமா சுத்திச் சுத்தி வருது. செக்கு தெரியலை. ஆனா அங்கே செக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா? கருந்துளை அந்தச் செக்கு. அதைச் சுற்றி ஓடுவது என்ன, எவ்வளவு தூரத்தில் ஓடுது, எவ்வளவு வேகத்தில் ஓடுது... இது தெரிஞ்சா நடுவில் இருக்கிறதோட எடை வந்துடும். நம்ம ப்ளஸ் ஒன் புத்தகத்துல இருந்த கெப்ளர் விதிதான். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1-ன்னு வெச்சுக்கிட்டு, காலத்தை வருஷத்தில் எடுத்துக்கிட்டா கணக்கு இன்னும் சுலபம். தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுங்க. எத்தனை சூரியன் எடைன்னு விடை வரும். பூமியைப் போட்டுப் பாருங்க. தூரம் 1, காலம் 1, விடை 1 சூரியன். சரியா இருக்கா?

இப்போ நம்ம வீட்டுக் கருந்துளைக்குப் போவோம். ஜூலை, ஆகஸ்ட்டில் மேகம் இல்லாத ஒரு ராத்திரி, ஒன்பது மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்குப் பக்கம் பாருங்க. கொக்கி மாதிரி வளைஞ்ச வாலோடு விருச்சிகம் தெரியும். வால் நுனியில் இருப்பதுதான் மூலம் நட்சத்திரம். அதுக்குக் கிழக்கே தனுசு. இந்த ரெண்டுக்கும் நடுவில், தனுசு எல்லைக்குள்ளே, சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கு நம்ம பால்வெளியின் மையம். (‘மூலம்னா வேர். அப்பவே நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு’ன்னு ஒரு ஃபார்வர்டு மெசேஜ் வரும். நம்பிடாதீங்க. அது ஜோசியத்தில் எத்தனை பொண்ணுங்க கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்குன்னு எங்க பாட்டியைக் கேட்டா தெரியும்.)

வெறும் கண்ணுக்கு அந்த மையம் தெரியாது. நடுவில் அவ்வளவு தூசி. ஆனா அகச்சிவப்புக் கதிர் தூசியைத் தாண்டி வரும். அதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு டீம் கிளம்பினாங்க. ஜெர்மனியின் ரைன்ஹார்ட் கென்செல் டீம் 1992-லிருந்து சிலி நாட்டு மலைகளில் உள்ள ஐரோப்பிய டெலஸ்கோப்புகளில். அமெரிக்காவின் ஆண்ட்ரியா கெஸ் டீம் 1995-லிருந்து ஹவாய் தீவின் கெக் டெலஸ்கோப்பில், 10 மீட்டர் கண்ணாடியோடு. ஒரே இடத்தை வருஷா வருஷம் படம் எடுத்தாங்க. நட்சத்திரங்கள் எங்கே இருந்து எங்கே நகர்ந்திருக்குன்னு புள்ளி வெச்சாங்க. நட்சத்திரத்தை மினுக்க வைக்கிற நம்ம காற்றுமண்டலம் படத்தைக் கலைச்சு விடும். அதுக்கு எதிரா நொடிக்குப் பல நூறு தடவை தன்னை வளைச்சு நெளிச்சுச் சரிசெய்துக்கிற கண்ணாடியைக்கூட மாட்டினாங்க.

அதில் ஒரு நட்சத்திரம்தான் நம்ம ஹீரோ. பேர் எஸ்2. (கெஸ் டீம் அதுக்கு வேற பேர் வெச்சிருக்கு. போட்டின்னா அப்படித்தான்.) அது ஒரு சுற்று முடிக்க 16 வருஷம். நாம நாலு வருஷ கோர்ஸுக்கே ‘எப்படா முடியும்’னு புலம்பறோம். இவங்க நாலு டிகிரி முடிக்கிற நேரம் ஒரே ஒரு நட்சத்திரம் ஒரு ரவுண்டு வர்றதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க! 2002-ல் அது மையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போனது. அடுத்து 2018 மே மாதம். அப்போ அதுக்கும் மையத்துக்கும் இருந்த தூரம், சூரியனுக்கும் நெப்டியூனுக்கும் உள்ளதைப் போல நாலு மடங்குதான். வேகம் நொடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நொடியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பத்து தடவை போகலாம்!

கால்குலேட்டர் பக்கத்தில் இருக்கா? அந்த நீள்வட்டத்தின் பாதி நீளம், பூமி-சூரியன் தூரத்தைப் போல சுமார் 1030 மடங்கு. 1030-ஐக் கனப்படுத்துங்க. 16-இன் வர்க்கம் 256. வகுங்க. 42,68,465. அதாவது 42 லட்சத்துச் சொச்சம் சூரியன். நோபல் பரிசு வாங்கின கணக்கை ஹாஸ்டல் கட்டில்ல உட்கார்ந்து நீங்க இப்போ போட்டுட்டீங்க. (உண்மையான கணக்கு இதைவிடப் பல மடங்கு சிக்கல். ஆனா எலும்புக்கூடு இதுதான்.)

2002-ல் கென்செல் டீம் முதலில் எஸ்2-வை வெச்சுச் சொன்ன எடை 37 லட்சம் சூரியன். அதோடு நிறுத்தலை. ‘ப்ளஸ் ஆர் மைனஸ் 15 லட்சம்’னு பக்கத்திலேயே எழுதினாங்க. யோசிச்சுப் பாருங்க. விடையிலேயே பாதிக்குக் கொஞ்சம் கம்மியா பிழை! நானா இருந்தா அந்த ஃபிகரை அழிச்சுட்டு வேற எழுதியிருப்பேன். பிழைக்கு ஒரு காரணம் தூரம். நமக்கு நேரடியா தெரியறது கோணம்தான். மையம் எவ்வளவு தள்ளி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் கோணம் கிலோமீட்டரா மாறும். அந்தத் தூரத்தைக் கனப்படுத்தறோம் இல்லையா? அதனால தூரத்தில் 3 சதவீதம் தப்பானா, எடையில் 9 சதவீதம் இடிக்கும். இருபது வருஷம் தொடர்ந்து அளந்து அளந்து, இப்போ சுமார் 43 லட்சம் சூரியன், பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழேன்னு வந்து நிக்குது. முக்கியமான விஷயம், ரெண்டு டீமும் வேற வேற டெலஸ்கோப், வேற வேற ஆட்கள். விடை ஒத்துப்போனது.

2020-ல் ரெண்டு பேருக்கும் நோபல். அதிலும் ஒரு குறும்பு இருக்கு. பரிசுக் குறிப்பில் அவங்க கண்டுபிடிச்சதைக் ‘கருந்துளை’ன்னு போடலை. ‘அபார நிறையுள்ள, அடக்கமான பொருள்’னுதான் போட்டாங்க. அளந்தது எதுவோ அதை மட்டும் சொல்லணுமாம். எங்க லேப் ரெக்கார்டில் ‘ரிசல்ட்’ பகுதியை எழுத இவங்களைக் கூப்பிடலாம்.

சரி, நம்ம கேலக்ஸி முடிஞ்சது. மத்த கேலக்ஸிகள்?

அங்கேதான் சிக்கல். அவ்வளவு தூரத்தில் மையத்தை ஒட்டி ஓடும் ஒத்தை நட்சத்திரத்தைத் தனியாப் பிரிச்சுப் பார்க்க முடியாது. மொத்தமா மங்கலா ஒரு வெளிச்சம்தான். ஆனா அந்த வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சா, ஒவ்வொரு கோடும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்குன்னு தெரியும். நம்மை நோக்கி வருதுன்னா நீலப் பக்கம், விலகிப் போகுதுன்னா சிவப்புப் பக்கம். டாப்ளர். நகர்ந்த அளவுதான் வேகம். அந்த ராட்சச டெலஸ்கோப்புகளில் மாட்டியிருக்கிறதும் நம்ம லேப் கிரேட்டிங்கோட பெரியண்ணன்தான். இதைப் படிச்சப்போ எனக்கு லேசா வயித்தைக் கலக்கிச்சு.

சில கேலக்ஸிகள் நல்ல பிள்ளைங்க. என்.ஜி.சி. 4258-ன்னு ஒண்ணு. அதோட மையத்தைச் சுத்தி ஒரு மெல்லிய வாயுத் தட்டு. அதில் இருக்கும் நீராவி, லேசர் மாதிரி கூர்மையான ரேடியோ அலையா பளிச்சுன்னு அடிக்குது. ஆமாங்க, சாதாரண தண்ணிதான்! அந்தப் புள்ளிகள் நொடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் வேகத்தில், கெப்ளர் விதியை வரி பிசகாமல் கடைப்பிடிச்சுச் சுத்துது. 1995-ல் வெளிவந்த அளவீடு. எடை கிட்டத்தட்ட 4 கோடி சூரியன். அங்கே சண்டையே இல்லை.

ரொம்ப ரொம்பத் தூரத்தில் இருக்கிற குவேசார்களுக்கு வேற டெக்னிக். கருந்துளைக்குப் பக்கத்தில் வெளிச்சம் திடீர்னு கூடும். கொஞ்ச நாள் கழிச்சு, சுத்தி இருக்கும் வாயுவும் பதிலுக்கு மின்னும். எத்தனை நாள் தாமதமோ, அத்தனை நாள் ஒளி ஓடின தூரத்தில் வாயு இருக்குன்னு அர்த்தம். கிணத்துல கல்லைப் போட்டு ஆழம் பார்க்கிற மாதிரி. தூரம் கிடைச்சாச்சு, டாப்ளரில் வேகம் கிடைச்சாச்சு, எடை வந்தாச்சு... கிட்டத்தட்ட! வாயு எந்த வடிவத்தில், எந்தக் கோணத்தில் இருக்குன்னு தெரியாது. அதுக்காக ‘எஃப்’னு ஒரு எண்ணால் பெருக்கறாங்க. அது என்ன எண்ணுன்னா, வேற வழியில் எடை தெரிஞ்சதோட ஒப்பிட்டு, சராசரியா ஒத்து வர்ற மாதிரி எடுத்துக்கிட்ட எண். நம்ம பாஷையில் ‘அட்ஜஸ்ட்மென்ட்’! ஒரே வித்தியாசம், அவங்க அதுக்குப் பேர் வெச்சு, கட்டுரையின் நடுவில் எல்லாருக்கும் தெரியற மாதிரி உட்கார வெச்சிருக்காங்க. நான் என்னோட எஃப்-ஐ ரப்பரால அழிச்சேன்.

இப்போ மெயின் பிக்சர். எம்87.

கன்னி ராசிப் பக்கம், சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் மகா பெரிய கேலக்ஸி. 1978-லேயே வாலஸ் சார்ஜென்ட், பீட்டர் யங் ஆகியோர் அடங்கிய குழு அதன் நடுவில் சுமார் 500 கோடி சூரியன் எடைக்கு ஏதோ இருக்குன்னு சொன்னது. ‘நட்சத்திரங்கள் நீட்டு நீட்டுப் பாதையில் ஓடினாலே அப்படித் தெரியுமே’ன்னு எதிர்ப்பு. 1994-ல் ஹப்பிள் டெலஸ்கோப் உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு வாயுத் தட்டு சுத்திக்கிட்டு இருந்தது. ஒரு பக்கம் நம்மை நோக்கி, மறுபக்கம் விலகி. ஹாலண்ட் ஃபோர்டு, ரிச்சர்ட் ஹார்ம்ஸ் டீம் போட்ட கணக்கு 240 கோடி, ப்ளஸ் ஆர் மைனஸ் 70 கோடி.

அப்புறம் ஆரம்பிச்சது பஞ்சாயத்து. 2009-ல் கார்ல் கெப்ஹார்ட்டும் ஜென்ஸ் தாமஸும் நட்சத்திரங்களின் வேகத்தை வெச்சு 640 கோடின்னாங்க. கேலக்ஸியைச் சுத்தியிருக்கும் கரும்பொருளையும் கணக்கில் சேர்த்ததும், கருந்துளையின் எடை ரெண்டு மடங்குக்கு மேல் ஏறிடுச்சாம். 2011-ல் இன்னும் கூர்மையான அளவீடு. 660 கோடி, பிழை 40 கோடி. 2013-ல் ஜோனெல் வால்ஷ் டீம் அதே கருந்துளையை வாயுத் தட்டின் வேகத்தை வெச்சு அளந்தது. விடை 350 கோடி. கூடினா 90, குறைஞ்சா 70.

கவனிங்க. ஒருத்தரோட எல்லை 440-ல் முடியுது. இன்னொருத்தரோடது 620-ல் ஆரம்பிக்குது. ரெண்டும் தொட்டுக்கக்கூட இல்லை. ஒரே பொருள். ரெண்டு டீமும் கெட்டிக்காரங்க. ஒண்ணு இன்னொண்ணுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இடது பக்கம் 18 டிகிரி 52 நிமிடம். வலது பக்கம் 20 டிகிரி 5 நிமிடம்...

யாரும் யாருடைய விடையையும் பார்த்து மாத்தி எழுதலை. ரெண்டு எண்ணும் அச்சில் பக்கத்துப் பக்கத்தில் வருஷக்கணக்கா நின்னுக்கிட்டு இருந்தது. ‘இது சரியில்லையே, எங்கே இடிக்குது’ன்னு எல்லாரும் பகிரங்கமா தலையைச் சொறிஞ்சாங்க.

2017 ஏப்ரல். ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென் துருவம்... ஆறு இடத்தில் எட்டு டெலஸ்கோப். தென் துருவத்தில் இருந்ததைத் தவிர மத்ததெல்லாம் எம்87-ஐப் பார்த்தன. அதுதான் ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப். ஷெப் டோல்மன் தலைமையில் 200-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள். டேட்டாவை நெட்டில் அனுப்பக் கட்டுப்படியாகாதுன்னு ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏத்தினாங்க. தென் துருவத்து டிஸ்க்குகள் மட்டும், அங்கே குளிர்காலம் முடிஞ்சு விமானம் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தது.

எனக்குப் பிடிச்ச சீன் இதுக்கு அப்புறம்தான். படத்தை உருவாக்க நாலு டீமா பிரிஞ்சாங்க. ஒரு டீம் இன்னொரு டீமோட பேசக்கூடாது. யாருக்கு என்ன படம் வருதுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா, அறியாமலே அதைப் பார்த்து நம்ம படத்தையும் ‘சரி’ பண்ணிடுவோம்னு பயம். எங்க லேபில் நாலு டேபிள் பேசாம இருந்தா அன்னைக்கு யாருக்குமே விடை வராது! நாலு டீமும் கடைசியில் படத்தைத் திறந்தப்போ நாலிலும் ஒரு வளையம். கீழ்ப்பக்கம் பளிச், நடுவில் இருட்டு.

2019 ஏப்ரல் 10 அன்று உலகமே பார்த்த ஆரஞ்சு வளையம் அதுதான். அன்னைக்கு நாமெல்லாம் அதை வெச்சு ‘உளுந்து வடை’ மீம் போட்டுச் சிரிச்சோம். அந்த வடையோட சைஸ்தான் எடைன்னு அப்போ எனக்குத் தெரியாது. கருந்துளை கனமா இருக்க இருக்க, அதைச் சுத்தி ஒளி வளையற வளையமும் அதே விகிதத்தில் பெரிசாகும். தூரம் தெரியும். 350 கோடின்னா வளையம் இவ்வளவு, 660 கோடின்னா இவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடலாம். வந்தது 42 மைக்ரோ ஆர்க்செகண்ட். நிலாவில் வெச்ச ஒரு சாத்துக்குடியை இங்கிருந்து பார்த்தா தெரியும் சைஸ். எடை 650 கோடி சூரியன், ப்ளஸ் ஆர் மைனஸ் 70 கோடி.

நட்சத்திர டீம் ஜெயிச்சது. அப்போ வாயு டீம் எங்கே சறுக்கினாங்க?

இதைத் தேடிப் படிச்சப்போதான் நான் சேரை விட்டு எழுந்தேன். தட்டு நமக்கு நேரா நிக்கலை, சாய்ஞ்சு நிக்குது. டாப்ளரில் நமக்குத் தெரியறது, நம்மை நோக்கி வரும் வேகம் மட்டும். முழு வேகம் வேணும்னா சாய்வோட ‘சைன்’ மதிப்பால் வகுக்கணும். எடைக்கு அதை வர்க்கப்படுத்தணும். சாய்வு 42 டிகிரின்னு எடுத்துக்கிட்டிருந்தாங்க. சும்மா கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. அதே ரீடிங்குக்கு 42-க்குப் பதிலா 28 டிகிரின்னு வெச்சா, எடை டபுள்! சாய்வு மட்டும்தான் காரணம்னு சொல்ல வரலை. வாயு நட்சத்திரம் மாதிரி இல்லை. ஒண்ணையொண்ணு இடிக்கும், தள்ளும், சுத்தமான வட்டத்தில் ஓடாது. மெதுவா ஓடற வாயுவை ஒழுங்கா ஓடுதுன்னு நம்பினா எடை கம்மியாத்தான் வரும். ஆனா என் மண்டையில் நின்னது அந்த ஒரு வார்த்தைதான். சாய்வு.

கிரேட்டிங்கை ஒளிக்கு நேர் செங்குத்தா நிறுத்தணும்னு ப்ரொசீஜரில் ஒரு பத்தி இருக்கும். நாங்க அதைச் செய்யவே இல்லை. நேரம் இல்லைன்னு நான்தான் “அப்படியே வெச்சுடு, சமாளிக்கலாம்”னு சொன்னேன். கிரேட்டிங் சாய்ஞ்சு நின்னா என்ன ஆகும்? ஒரு பக்கக் கோணம் குறையும். மறுபக்கக் கோணம் கூடும்.

ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த நம்பருக்கு போன் போட்டேன்.

“உன் ஃபர்ஸ்ட் இயர் ஃபிஸிக்ஸ் அப்சர்வேஷன் நோட் இன்னும் இருக்கா?”

“இருக்கு. எதுக்குடா?”

“ஒரு கருந்துளைக்கு.”

போனை வெச்சுட்டா. அஞ்சு நிமிஷம் கழிச்சு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினா. 18 டிகிரி 52 நிமிடம், 20 டிகிரி 5 நிமிடம், மேலே சிவப்பு மையில் ‘ரிப்பீட்’. தெரியாதது ரெண்டு. சாய்வு எவ்வளவு, அலைநீளம் எவ்வளவு. கையில் ரீடிங் ரெண்டு. ரெண்டு சமன்பாடு, பத்து நிமிஷ வேலை. சாய்வு பத்து டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. அலைநீளம் 5463!

அவளோட ‘தப்பான’ ரீடிங்குக்குள்ளே சரியான விடை உட்கார்ந்திருந்திருக்கு. என் ‘சரியான’ ரீடிங்கில் எதுவுமே இல்லை. அதைத் தோண்டினா நான்தான் வருவேன்.

எம்87 கதையும் முடிஞ்சிடலை. 2023-ல் எமிலி லீபோல்டு, சுங்-பெய் மா, ஜோனெல் வால்ஷ் மூணு பேரும் கெக் டெலஸ்கோப்பில் அந்த கேலக்ஸியின் நட்சத்திரங்களைத் திரும்ப அளந்தாங்க. கேலக்ஸி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டையா இல்லை, மூணு பக்கமும் மூணு நீளம்னு தெரிஞ்சது. அதைச் சேர்த்தா எடை 537 கோடி. வால்ஷ் பேரைப் பார்த்தீங்களா? 2013-ல் வாயுவை வெச்சு 350 கோடின்னு எழுதினவங்க. பழைய எண்ணைக் கட்டிக்கிட்டு அழாம, வேற வழியில் திரும்ப அளக்கப் போயிருக்காங்க.

மறுநாள் கேன்டீனில் அடுத்த நம்பர் முன்னாடி என் கணக்குப் பேப்பரை நீட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டிய ‘சாரி’யையும் சொன்னேன். அவ சாரியைக் கண்டுக்கவே இல்லை. பேப்பரை மட்டும் மேலிருந்து கீழே ஒரு தடவை படிச்சா.

“5463 சரி. ப்ளஸ் ஆர் மைனஸ் எவ்ளோ?”

நான் போடலை.

“வெர்னியரில் ஒரு நிமிடம்தான் மினிமம். ஒரு நிமிடம் தப்பானா எவ்ளோ மாறும்?” பென்சிலை வாங்கி அவளே போட்டா. அஞ்சு ஆங்ஸ்ட்ராம் வந்தது. என் 5463-க்குப் பக்கத்தில் ‘± 5’னு எழுதி, பேப்பரை நாலா மடிச்சுத் தன் நோட்டில் அந்தப் பழைய பக்கத்துக்குள்ளே செருகிக்கிட்டா.

“டீக்கு நீ காசு குடு. பஜ்ஜிக்கும்.”

குடுத்தேன்.